நல்ல கேஸ்

“இந்த மாதிரி இழுப்புச் சத்தத்த நீங்க புஸ்தகத்துல கேக்க முடியாது. ஒவ்வொருத்தரா வந்து காது குடுத்துக் கேட்டுட்டுப் போங்க. முட்டிக்கிட்டு நிக்காதீங்கப்பா, கல்யாணப் பந்தியா இது?”

இதைச் சொன்ன டாக்டர் ராஜாராமின் வாயில் மெதுவடை இருந்தது.

குழந்தை மருத்துவத்தில் அவர் பெரிய ஆள். தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று செஞ்சியில், திண்டிவனம் ரோட்டோரம் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் மாணவர்களைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து வகுப்பெடுப்பார். வருகிற வழியில் வடை வாங்குவார். பொட்டலத்தை நோயாளி உட்காருகிற மேசையின் ஓரத்திலேயே பிரித்து வைத்துக்கொள்வார். விரல் எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, அதே விரலால் பிள்ளையின் விலாவைத் தொட்டு, “இங்க பாரு, மூச்சு வாங்கும்போது இந்த எடம் எப்படி உள்ள போவுது” என்று காட்டுவார்.

கலைச்செல்வி வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு அந்த அறைக்குள் வந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டர் அவள்தான். கல்லூரிக் கணக்கில் ராஜாராமுக்குக் கீழே உதவிப் பேராசிரியர். பிறந்து வளர்ந்தது பக்கத்துத் தொண்டூர். கதவைத் தள்ளியதும் வெள்ளைக் கோட்டு முதுகுகள்தான் அவள் கண்ணில் பட்டன. அந்த முதுகுகளுக்கு நடுவிலிருந்து, அடைத்துக்கொண்ட குழாயில் காற்று ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாசல்வரை கேட்டது. ஸ்டெதாஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை.

“யாரு உள்ள?”

ரஞ்சனி என்கிற மாணவி திரும்பினாள். “ஆஸ்துமா மேம். சின்னப் பொண்ணு. சூப்பர் வீசிங். ரெண்டு பக்கமும் கேக்குது.”

“பேரு இன்னா?”

“பேரா? அது... கேக்கல மேம்.”

கலைச்செல்வி இரண்டு பேரை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். மேசைமேல் உட்கார்ந்திருந்தது இக்ரா. நாலாம் வகுப்பு படிக்கிறவள். போன மாதம் வந்தபோது, “மேடம், கபடியில என்னயும் சேத்துக்கிட்டாங்க” என்று இந்த அறையிலேயே குதித்துக் காட்டியவள். இப்போது இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுடிதாரின் மேல்சட்டையைக் கழுத்துவரை சுருட்டி விட்டிருந்தார்கள். அது நழுவி விழாமல் இருக்க அவளே மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் அவள் நெஞ்சுக்கு நேரே மொபைலைப் பிடித்திருந்தான்.

“போன உள்ள வை.”

“சார் பர்மிஷன் குடுத்தாரு மேம். மூஞ்சி விழாது.”

“உள்ள வைன்னேன்.”

ராஜாராம் சிரித்தார். “வா கலை, நல்ல நேரத்துக்கு வந்த. இந்தக் காலத்துல இப்படி ஒரு நெஞ்சு கெடைக்காது. எல்லாரும் இன்ஹேலர் பஃப் அடிச்சி அடிச்சி சுத்தம் பண்ணிக் கூட்டிட்டு வந்துடறாங்க. பசங்க எதக் கேட்டுக் கத்துக்கறது?”

நல்ல ஜோக்குக்குச் சிரிப்பதுபோல் பையன்கள் சிரித்தார்கள். கலைச்செல்வி பிள்ளையின் அம்மாவைத் தேடினாள். அசீசுன்னிசா சுவரோரம், மகளின் துப்பட்டாவை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“இன்னா அசீசக்கா இது? காலைல மருந்து குடுக்கலியா?”

“இல்ல மேடம்.”

“தீந்துடுச்சா?”

“இருக்குது. எதிர் வூட்ல குடுத்து வச்சிருக்கேன்.”

“எதிர் வூட்லயா? எதுக்கு?”

அசீசுன்னிசா ராஜாராம் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “சார் போன் பண்ணாரு மேடம். கேஸுக்கு வரணும்னா மூணு நாளைக்கு ரெண்டு மருந்தையும் நிறுத்திடுங்கன்னாரு. ராத்திரியெல்லாம் உக்காந்தே கெடந்தா. ‘அம்மா, ஒரே ஒரு பஃப்பும்மா’ன்னு கெஞ்சினா. கையில இருந்தா மனசு கேக்காம குடுத்துடுவேன்னுதான் எதிர் வூட்ல குடுத்துட்டேன்.”

“அவர் சொன்னா? உங்களுக்கு அறிவு வேணாமா?”

“போன வாட்டி குடுத்துட்டுத்தான மேடம் கூட்டியாந்தேன். நெஞ்சு கிளீனா இருந்துச்சி. ‘சும்மா இருக்கற புள்ளைய எதுக்குக் கூட்டியாந்தீங்க, எங்க டைமு வேஸ்ட்டு’ன்னு திட்டி அனுப்பிட்டாரு. அந்த மாசம் மருந்தும் இல்லன்னுட்டாரு. பெரியாஸ்பத்திரில கேட்டா ஸ்டாக் வரல, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றாங்க. நான் இன்னா பண்றது, சொல்லுங்க.”

வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு அந்த மாதத்து மருந்து இலவசம் என்கிற ஏற்பாடு கலைச்செல்விக்குத் தெரியும். ஏழைபாழைகளுக்கு நல்லதுதானே என்று அவளே பல தாய்மார்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அதன் அடியில் இப்படி ஒன்று கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. மருந்து வேண்டுமானால் பிள்ளைக்கு மருந்து கொடுக்கக் கூடாது. இக்ராவின் அப்பா அப்சல் மெத்தை தைக்கிறவர். வீட்டு முன்னறையில் பஞ்சடிக்காதீர்கள் என்று மாதக்கணக்கில் மன்றாடி, அந்த வேலையை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்ற வைத்திருந்தாள். அப்படித் தேற்றிய பிள்ளையை இந்த மனுஷன் ஒரு போன் போட்டுக் கெடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று வடை தின்கிறார். அவள் வாயில் புளித்த தண்ணீர் ஊறியது.

“சார், போதும். நெபுலைஸ் பண்ணணும்.”

“பண்ணலாம் பண்ணலாம். இந்த வரிசை முடியட்டும்.”

“ரொம்ப இழுக்குது சார். விலா உள்ள குழியுது.”

“அதத்தானம்மா இவங்க பாக்கணும். நாங்க படிக்கும்போது ஒரு வார்டே வந்து ஒரே புள்ளைய கேக்கும். ஒன்னும் ஆவல.”

“அந்தப் புள்ளைங்களுக்கு ஒன்னும் ஆவலியா, உங்களுக்கு ஒன்னும் ஆவலியா சார்?”

“பாத்தீங்களா, உங்க மேடத்துக்கு வாய” என்று அவர் மாணவர்களைப் பார்த்துக் கண் அடித்தார். “சரி, ஆதவன், நீ வா. ஆஸ்துமாவ தூண்டி விடறது எதெல்லாம்?”

ஆதவன் வகுப்புப் பிரதிநிதி. முன்வரிசைப் பையன். “தூசி, புகை, பனி, சளிக் காய்ச்சல், நாய் பூனை முடி சார்.”

“இந்தப் புள்ளைக்கு எதுன்னு கேளு.”

“பாப்பா, வீட்ல நாய் வளக்கறீங்களா?”

இக்ரா இல்லையென்று தலையை அசைத்தாள்.

“பூனை?”

அவள் ஒரு விரலைத் தூக்கி, இருங்கள் என்று காட்டினாள். மூச்சு வந்ததும் சொல்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை.

“ஏன் பாப்பா பேச மாட்டேங்கற? வெக்கமா?”

“கூச்ச சுபாவம்” என்றார் ராஜாராம், இன்னொரு வடையைப் பிட்டபடி. “நெஞ்ச வச்சிப் பாரு, அது பேசும்.”

ஆதவன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தான். நகர்த்தி வைத்தான். முதுகுப் பக்கம் போய் அங்கேயும் வைத்தான். “சார், சத்தம் கொறைஞ்சிடுச்சி.”

“எங்க?”

“ரெண்டு பக்கமும். தானாவே சரியாயிடுச்சி போல.”

“அதுக்குள்ளயா?” ராஜாராமின் முகம் கோணிற்று. “ச்சே. செகண்ட் பேட்ச்சு வெளிய நிக்குதே, அவங்களுக்கு இன்னாத்த காட்டறது?”

கலைச்செல்வி ஆதவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுத் தன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கமும் ஒன்றுமில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, உள்ளே காற்று போகிற ஓசையே இல்லை. பிள்ளையின் உதட்டோரம் நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கண் சொருகிக்கொண்டு வந்தது.

“தள்ளு. எல்லாரும் தள்ளு.”

“மேம், சரியாயிடுச்சின்னுதான—”

“காத்து போனாத்தான்டா சத்தம் வரும். காத்தே போவல.”

ரஞ்சனிக்குத்தான் அது முதலில் உறைத்தது. மேசையிலிருந்த நீல நிற இன்ஹேலரை எடுத்து, பிளாஸ்டிக் குப்பியில் செருகி, இக்ராவின் வாயில் வைத்து அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“வாயத் தொற பாப்பா. ப்ளீஸ், வாயத் தொற.”

“அது டெமோ” என்றாள் கலைச்செல்வி. “பாடம் நடத்தறதுக்கு வச்சிருக்கறது. உள்ள மருந்து கெடையாது.”

ஆஸ்துமாவுக்கு வகுப்பு நடக்கிற அறை. சுவரில் படம், மேசையில் காலி இன்ஹேலர், ஸ்டெதாஸ்கோப்பு மாட்டிய கூட்டம். ஆஸ்துமாவுக்கு மருந்து மட்டும் அங்கே ஒரு சொட்டு கிடையாது. இத்தனை நாள் இதே அறையில் தானும்தான் அந்தக் காலி டப்பாவை ஆட்டிக் காட்டிப் பாடம் எடுத்தோம் என்று நினைத்தபோது கலைச்செல்விக்குத் தன் கையையே பிடிக்காமல் போனது. மோவாயடியில் சுருண்டிருந்த சட்டையை இழுத்து விட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்து ஓடினாள். துப்பட்டாவை இழுத்துக்கொண்டு அசீசுன்னிசா பின்னாலேயே ஓடி வந்தாள்.

அவசரப் பிரிவில் ராஜம்மாள் சிஸ்டர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்த அம்மாள் கேள்வி கேட்கவில்லை. ஆக்சிஜனைத் திறந்தாள், நெபுலைசரில் மருந்தை ஊற்றினாள், ஊசிக்கு நரம்பு தேடிப் பிடித்தாள். கலைச்செல்வி மாஸ்க்கைப் பிள்ளையின் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இழு கண்ணு, இழு, நல்லா இழு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அசீசுன்னிசா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூடவே வந்த ரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அழுவாத. இங்க வந்து இந்த மாஸ்க்கப் புடி” என்றாள் கலைச்செல்வி.

ஒரு மருந்து முடிந்து இன்னொன்று ஊற்றினார்கள். அதுவும் பாதி போன பிறகுதான் நெஞ்சின் அடியில் எங்கோ மெல்லியதாக ஒரு கீச்சு கேட்டது. பிறகு அது இரண்டு பக்கமும் பரவியது. காற்று உள்ளே போக ஆரம்பித்துவிட்டது.

“சத்தம் வந்துடுச்சி சிஸ்டர்.”

“வரட்டும் மா, வரட்டும்” என்றாள் ராஜம்மாள், நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டு.

உதட்டின் நிறம் மெல்லத் திரும்பியது. கண் திறந்தது. இக்ரா மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் நகர்த்தினாள்.

“மேடம்... சத்தம்... நல்லா வந்துச்சா?”

“எந்த சத்தம் கண்ணு?”

“அவங்களுக்கு... கேட்டுச்சா? மருந்து... குடுப்பாங்களா?”

கலைச்செல்வி மாஸ்க்கைப் பழையபடி வைத்துவிட்டு, “குடுப்பாங்க, நீ பேசாத” என்று மட்டும் சொன்னாள்.

அப்போது ராஜாராம் வந்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், தாழ்வாரத்தில், பஸ்ஸில் வந்தவர்களில் மிச்சப் பாதிப் பேர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு நின்றிருந்தார்கள்.

“எப்படி இருக்கா? சத்தம் திரும்பிடுச்சா?”

“திரும்பிடுச்சி சார்.”

“அப்பாடா.”

அந்த ஒரு கணம் கலைச்செல்வி அவரைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாக நினைத்தாள். அவர் அடுத்ததைச் சொன்னார்.

“அப்ப செகண்ட் பேட்ச்ச இங்கயே வரச் சொல்றேன். அந்த மாஸ்க்க ஒரு நிமிஷம் எடுத்தாப் போதும்.”

அவள் எழுந்து போய் வாசலை மறித்து நின்றாள். “யாரும் உள்ள வரக் கூடாது.”

“அவங்க பீஸ் கட்டிப் படிக்கற பசங்க, கலை.”

“அதுக்கு?”

“அதுக்கு நான் பாடம் சொல்லிக் குடுக்கணும். இன்னிக்கி ஒரு நெஞ்ச ஒழுங்கா கேட்டா, நாளைக்கி ஊர்ப்பட்ட புள்ளைங்கள காப்பாத்துவாங்க.”

“கேட்டாங்களே சார். நெஞ்சு அடைச்சப்ப சரியாயிடுச்சின்னான் உங்க பையன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, அடுத்த பேட்ச்சுக்கு இன்னாத்த காட்டறதுன்னு கவலப்பட்டீங்க.”

தாழ்வாரத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர்களோடு வந்திருந்த ஆதவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மருந்த நிறுத்தச் சொன்னீங்களா சார் அந்த அம்மாவ?”

“எல்லா எடத்துலயும் நடக்கறதுதான். பரீட்சைக்கு வெக்கற கேஸ் இன்னா ஆரோக்கியமாவா இருக்கும்?”

“உங்களுக்கு அருவருப்பா இல்லியா சார்?”

அவர் உண்மையாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். “அருவருப்பா? இத்தன வருஷம் சளியிலயும் வாந்தியிலயும் கைய வுட்டிருக்கேன். டாக்டருக்கு எதும்மா அருவருப்பு?”

“நான் வேலைய வுட்டுப் போறேன். இந்தக் கூட்டத்துல என்னால நிக்க முடியாது” என்றாள்.

“தாராளமா போ. செஞ்சிக்கு ஒரு டாக்டர் கெடைக்காமலா போவான்?” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். பையன்களும் கலைந்து போனார்கள். கலைச்செல்விக்கு உடம்பு லேசானதுபோல் இருந்தது. சேற்றில் கிடந்த காலை எடுத்துக் கழுவிக்கொண்ட மாதிரி. இனி இந்த வடைப் பொட்டலம் இல்லை, இந்தச் சிரிப்பு இல்லை.

திரும்பிப் பார்த்தால் கட்டில் அருகே அசீசுன்னிசாவைக் காணோம். தாழ்வாரத்தில் அவள் குரல் கேட்டது.

“மன்னிச்சிக்கோங்க சார். புள்ள ஏடாகூடமா ஆயிட்டா. அடுத்த வாட்டி நல்லபடியா கூட்டியாறேன்.”

“பரவால்லம்மா, பரவால்ல. மூணு நாளுன்னா அவளுக்கு ஜாஸ்திதான் போல. ரெண்டு நாள் முன்ன நிறுத்தினாப் போதும்.”

“சரிங்க சார்.”

கலைச்செல்வி போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “இன்னாத்துக்கு அவருகிட்ட மன்னிப்புக் கேட்டீங்க? உங்க புள்ள செத்துப் பொழச்சி அங்க படுத்திருக்கா.”

“தெரியும் மேடம். நான்தான பெத்தேன்.”

“அப்புறம்?”

“மருந்து அவரு கையில இருக்குது.”

“நான் தரேன். இப்பவே தரேன்.”

“இந்த மாசம் தருவீங்க.” அசீசுன்னிசா துப்பட்டாவின் நூலைப் பிரித்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. காய்கறிக் கடையில் நின்று பேசுகிற மாதிரிதான் இருந்தது. “போறேன்னு சொல்லிட்டீங்க. நீங்க விழுப்புரம் போவீங்க, மெட்ராஸ் போவீங்க. எங்க போனாலும் உங்கள மேடம்னுதான் கூப்புடுவாங்க. எனக்கு அடுத்த மாசம் இவருதான். அவரு மூஞ்சிலதான் முழிக்கணும். நான் எப்படி மேடம் ரோஷம் பாக்கறது?”

சற்று முன்னால் கலைச்செல்வி கழுவிக்கொண்டதாக நினைத்த கால் இன்னும் அங்கேயேதான் இருந்தது. தான் சுத்தமாக வெளியே போவதற்கு இக்ராவின் மூச்சையல்லவா விலை வைத்தோம் என்று தோன்றியதும், ராஜாராம் மேல் வந்த குமட்டல் தன் மேலும் கொஞ்சம் வந்தது.

சாயங்காலம்வரை பிள்ளையைக் கட்டிலிலேயே வைத்திருந்தாள். இழுப்பு அடங்கிய பிறகு மருந்தறையிலிருந்து இரண்டு இன்ஹேலரையும் எடுத்துத் தானே அசீசுன்னிசாவின் பையில் போட்டாள். “ராத்திரியும் குடுக்கணும், காலைலயும் குடுக்கணும். நாளைக்கி மறுபடியும் கூட்டியாங்க, நான் பாக்கணும்” என்றாள்.

“நாளைக்கி இருப்பீங்களா?”

“வாங்க. இருக்கேன்.”

பிறகு ராஜாராமின் அறைக்குப் போனாள். பஸ் கிளம்புகிற நேரம். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“சார், நான் சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. நான் போவல.”

“அதான பாத்தேன்.” அவர் முகம் மலர்ந்தது. “ரத்தம் சூடு. சின்ன வயசுல நானும் இப்படித்தான் குதிச்சேன்.”

“இனிமே கேஸுக்கு வரவங்களுக்கு நானே போன் பண்ணிடறேன் சார். உள்ளூர் ஆளுங்க. நான் சொன்னா கேப்பாங்க.”

“எனக்கும் ஒரு வேல மிச்சம். அடுத்த வாரம் தளவானூர்லேர்ந்து ஒரு பையன் வரான். அவங்கம்மா பேரு காத்தாயி. அங்க ராஜம்மாள்கிட்ட நம்பர் இருக்கும். இன்னா சொல்லணும்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவள் தாழ்வாரத்துக்கு வந்து, ராஜம்மாளிடம் எண்ணை வாங்கி அப்போதே கூப்பிட்டாள். அந்தப் பக்கம் மாடு கத்துகிற ஓசையும், யாரையோ அதட்டுகிற ஓசையும் கேட்டன.

“காத்தாயிங்களா? செஞ்சி ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டர் கலைச்செல்வி பேசறேன். அடுத்த வியாழன் பையனக் கூட்டியாரணும்.”

“தெரியும் மேடம். சார் போன தடவையே சொல்லிட்டாரு. திங்கக்கெழமையிலேர்ந்து மருந்த நிறுத்திடறேன்.”

“நிறுத்தக் கூடாது. ஒரு வேளகூட விடாம குடுங்க. பஸ் ஏறும்போதும் குடுத்துட்டு ஏறுங்க.”

“அப்ப நெஞ்சுல சத்தம் இருக்காதே மேடம்.”

“இருக்கக் கூடாது.”

“சார் திட்டுவாரே.”

“என்னத் திட்டட்டும். மருந்து நான் எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கங்க.”

அந்தப் பக்கம் மாடுதான் கத்திக்கொண்டிருந்தது.

“இது நீங்க சொல்றதா, சார் சொல்லச் சொன்னதா மேடம்?”

“நான்தான் சொல்றேன்.”

“நாங்க வர அன்னிக்கி நீங்க இருப்பீங்கல்ல? ஆளு இல்லன்னா அவரு எங்கள கிழிச்சிடுவாரு.”

“இருப்பேன்” என்றாள் கலைச்செல்வி.

பின்னால், அறைக்குள்ளிருந்து ராஜாராம் நீளமாக ஒரு ஏப்பம் விட்டார்.